என் குடலும் ஒரு சிக்னல் பிட்டரும்

என் கணவருக்குச் சமைக்கத் தெரியாது என்று சொன்னால் அது அவரை உயர்த்திப் பேசுவதாகும். கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது வெந்நீர் வைக்கப் போனவர், தண்ணீர் ஊற்ற மறந்து வெறும் கெண்டியை அடுப்பில் ஏற்றி அடியைக் கருக்கிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதர் எண்பதுகளின் நடுவில் ஏழு மாதம் எனக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டார். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எழுதினால் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் படித்துக் காட்டினால்தான் உண்டு. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அவர் ரயில்வேயில் சிக்னல் பிட்டர். எங்கே விளக்கு எரியவில்லையோ, எங்கே கைகாட்டி இறங்கவில்லையோ, அங்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தினமும் காலையில் ரயிலேறிப் போய் மதியம் திரும்புவேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. குழந்தை இல்லை. வாய் மட்டும் உண்டு என்று என் மாமியார் சொல்வார்.

வயிற்றுவலி முதலில் சாப்பிட்ட பிறகு மட்டும் வந்தது. பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்தது. வலி வந்தால் அடுத்த நிமிடம் கழிவறைக்கு ஓடவேண்டும். கிள்ளான் வரைக்கும் எந்த ஸ்டேஷனில் கழிவறை திறந்திருக்கும், எந்த ஸ்டேஷனில் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பத்து தீகா ஸ்டேஷனில் ஒரு மலாய்க்கார ஸ்டேஷன் மாஸ்டர் என் முகத்தைப் பார்த்ததுமே சாவியை நீட்டிவிடுவார். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வெளியே ஓடியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு டாக்டர் கேஸ்டிரிக் என்றார். இன்னொருவர் பூச்சி என்றார். மூன்றாமவர் குடலில் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வைத்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளையாக ஒரு மாவைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் விட்டும் பார்த்தார்கள். அங்கிருந்த சீன ஸ்பெஷலிஸ்ட் ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். சிறுகுடல் முடிகிற இடத்தில் உள்சுவர் வீங்கிப் புண்ணாகி வழி குறுகிப்போயிருக்கிறது, இதன் பெயர் குரோன்ஸ், இது முழுதாகப் போகாது, அடங்கியிருக்கச் செய்யலாம் என்றார். மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டு என் முகம் பூசணிக்காயாக வீங்கியது, உடம்பு மட்டும் முப்பத்தெட்டு கிலோவில் நின்றது.

பக்கத்து அறையிலிருந்த சர்ஜன் அவ்வளவு பொறுமையாகப் பேசவில்லை. எட்டு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்போம், அதற்குள் எடை ஏறி வழி கொஞ்சமாவது விடவில்லை என்றால் இரண்டடி நீளம் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஒரு தடவை வெட்டினால் மறுபடி வேறு இடத்தில் வரலாம், மறுபடி வெட்டவேண்டி வரலாம். சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டும்படி ஆகிவிடும். அதையும் சொன்னார். எனக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். டாக்சியில் நான் பேசாமல் வந்ததைப் பார்த்து என் கணவர்தான் அதிகமாகப் பயந்துபோனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சாப்பாட்டுத் தாள் கொடுத்திருந்தார்கள். டோஸ்ட், வேகவைத்த உருளைக்கிழங்கு, கிரீம் சூப். வெள்ளைக்காரன் வீட்டு நோயாளிக்கு எழுதிய தாள். நம் ஆட்களும் உடம்பு சரியில்லை என்றால் ரொட்டியும் பிஸ்கட்டும்தான் கொடுப்போம். பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட்டு வீட்டில் கிடந்த என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பிஸ்கட் டின்னோடு வந்தார்கள். நானும் தேநீரில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டேன். வலி குறைந்தபாடில்லை.

அப்போதுதான் பள்ளியிலிருந்து பார்க்க வந்த ஒரு டீச்சர், பங்சாரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், எந்தெந்த உணவு உடம்புக்கு ஆகாது என்று அங்கே கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார்கள் என்றார். போனோம். மூன்று வாரம் கழித்து இரண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்தது. ஒவ்வொரு உணவுக்கும் எதிரே கூட்டல் குறி. பால், முட்டை, இறால், தக்காளி எல்லாவற்றுக்கும் மூன்று கூட்டல். நான் பிறந்ததிலிருந்து கண்ணால் பார்க்காத செலரிக்கும் மூன்று கூட்டல். கோதுமைக்கு ஒன்றே ஒன்று. அரிசிக்கும் ஒன்று. "மூச்சு விடுறதுக்கு எத்தனை கூட்டல் போட்டிருக்கான்னு பாருங்க" என்று சொல்லித் தாளை வீசினேன்.

சீன ஸ்பெஷலிஸ்ட் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். இந்த மாதிரித் தாளை நம்பி எதையும் நிறுத்தாதீர்கள், சாப்பிட்டுப் பார்ப்பதுதான் உண்மையான டெஸ்ட், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். என் கணவர் அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுப் பார்ப்பதுதான் டெஸ்ட் என்ற வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலை என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லைன்ல எங்கயோ ஷார்ட் ஆகுதுன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? எல்லா ஒயரையும் கழட்டிருவோம். அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டுவோம். எதை மாட்டுறப்ப சிக்னல் போகுதோ அதான் கோளாறு."

"நான் என்ன உங்க சிக்னல் போஸ்ட்டா?"

"போஸ்ட் இவ்ளோ பேசாதுலா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும், அதனால் திட்டினேன். அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் போய்த் தன் திட்டத்தைச் சொன்னார். அந்தப் பெண்மணி முதலில் சிரித்தாராம், பிறகு நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து கேட்டாராம். சத்துக்கு ஒரு பவுடர் கொடுத்தார். வாரம் ஒரு தடவை எடை பார்க்கவேண்டும், எடை இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஆக, எல்லா ஒயரும் கழற்றப்பட்டது. அரிசிக் கஞ்சி, உப்பு, பவுடர், மாத்திரை. ஒரு வாரம் இவ்வளவுதான். அடுப்படிக்குள் நான் வரக்கூடாது என்று சட்டம் போட்டார். எனக்கு நிற்கவும் தெம்பில்லை என்பது ஒரு காரணம். நான் சமைத்தால் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பேன் என்பது இன்னொரு காரணம். "ருசி பார்க்கிற கையை நம்ப முடியாது" என்றார். விடியற்காலையில் எழுந்து எனக்கு ஆக்கி மூடி வைத்துவிட்டு, நான் கண்விழிக்கும் முன் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் சாப்பாட்டை நான் கேட்டுக்கொள்ளவில்லை, மூன்று வேளைக்கும் ஸ்டேஷன் கடை இருக்கிறதே. முதல் வாரக் கஞ்சி பசையாக இருந்தது. இரண்டாம் வாரம் தண்ணீராக இருந்தது. மூன்றாம் வாரம் கஞ்சியாக இருந்தது.

பிறகு ஒன்றொன்றாக மாட்ட ஆரம்பித்தார். ஒரு பொருளுக்கு மூன்று நாள். சுரைக்காய் மூன்று நாள், கேரட் மூன்று நாள், கெம்போங் மீன் மூன்று நாள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வலி வந்ததா, எத்தனை தடவை கழிவறைக்குப் போனேன், எல்லாம். அந்தக் கடைசி விஷயத்தை ஒரு ஆம்பளை கேட்டு எழுதுவதும் நான் பதில் சொல்வதும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் அருவருப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் என்ன பழுது என்று விசாரிப்பவர் முகம்தான் இருந்தது. அந்த முகத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது என்று சொன்னால் நம்பவேண்டும்.

மூன்று கூட்டல் வாங்கிய இறாலைப் பயந்து பயந்து சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. முட்டையும் ஒத்துக்கொண்டது. பால் அரை டம்ளருக்கு மேல் போனால் வயிறு உப்பியது, அவ்வளவுதான். ஒற்றைக் கூட்டல் வாங்கிய கோதுமைதான் ஆளைச் சாய்த்தது. இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்ட நாலாவது மணிநேரம் நான் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். இரண்டு வாரம் இடைவெளி விட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார். மறுபடி சுருண்டேன். அன்றோடு கோதுமைக்கு வீட்டில் இடமில்லை. பிஸ்கட் டின்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போயின. மீ நூடுல்ஸ், சப்பாத்தி, பரோட்டா மாதிரி வீசிப் போடும் ரொட்டி சானாய் எல்லாம் போயின. மனிதர் அதோடும் விடவில்லை. கிச்சாப் என்கிற சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்து, இதிலும் கோதுமை என்று தூக்கினார். பெருங்காய டப்பாவைக் கொண்டுபோய் மளிகைக் கடைக்காரரிடம் நின்று துருவித் துருவிக் கேட்டு, அதில் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்து அதையும் தூக்கினார். கடைக்காரர் என்னிடம், "டீச்சர், உங்க வீட்டுக்காரரு போலீஸ்ல சேர்ந்துட்டாரா?" என்று கேட்டார்.

இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு கிலோ ஆனேன். வலியில்லாமல் ஒரு நாள் முழுக்க இருந்தது அப்போதுதான். அன்று நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், வேறு வேலையே இல்லாமல்.

அதன் பிறகுதான் சோதனை. நன்றாக இருப்பேன், திடீரென்று ஒரு சனிக்கிழமை விழுவேன். அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. அதற்கடுத்த வாரம் மறுபடி விழுவேன். நோட்டில் தேடினால் எதுவுமே பொருந்தாது. மீனைச் சந்தேகப்பட்டு நிறுத்தினார். பூசணியை நிறுத்தினார். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கஞ்சிக்கு வந்து நின்றார். ஏறிய எடை இறங்கியது. சர்ஜன் சொன்ன தேதிக்கு மூன்று மாதம்தான் இருந்தது. எனக்குக் கண்ணை மூடினால் இரண்டடி நீளம்தான் தெரிந்தது.

ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் வீசிவிட்டேன். "உங்களுக்கு என் வயிறு ஒரு விளையாட்டாப் போச்சு! வெட்டணும்னா வெட்டிட்டுப் போறான். என்னை விட்டுருங்க" என்று கத்தினேன். அவர் துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தார், தரையைத் துடைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, "விட்டு விட்டு வர்ற கோளாறுதான் ரொம்ப மோசமானது. நாம போய் பாக்கிறப்ப எல்லாம் சரியா இருக்கும். ஆனா கோளாறு இருக்கு. கண்டிப்பா இருக்கு" என்றார். எனக்கு என் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்டுபிடித்தது அவரும் இல்லை, நானும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம், அவர் வீட்டுக்காரரும் ரயில்வேதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது என் கணவர் கோயிலிலிருந்து வந்தார். வெள்ளி தவறாமல் போவார். எனக்கு உடம்பு முடியாததிலிருந்து எனக்கும் சேர்த்துத்தான் வேண்டுதல். வந்ததும் எப்போதும் போல என் நெற்றியில் விபூதி இட்டு, வாழையிலைத் துண்டைப் பிரித்து என் கையில் வைத்தார். நான் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டேன்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைச் சாப்பிடச் சொல்ல மாட்டோம், அவரும் எடுக்க மாட்டார், அது எங்களுக்குள் பழகிப்போன மரியாதை. "தண்ணி குடிச்சாக்கூட நோட்டுல எழுதுவீங்களே தம்பி, இதை எழுதலையா?" என்றார்.

"இது பிரசாதம்க்கா."

"பிரசாதம்னா வயித்துக்குத் தெரியுமா?"

அவர் குத்திப் பேசுகிறவர் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். என் கணவர் இலையில் மிச்சமிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில், நெய் மின்ன, ஒரு சின்ன உருண்டைக் கேசரி.

"இது எதுல செய்யிறது?" என்று என்னைக் கேட்டார்.

"ரவையில."

"ரவை எதுலேர்ந்து வருது?"

எனக்குத் தெரியும். இருபது வருடமாக ரவை வறுத்துக் கிளறியவள், எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் கோயிலிலிருந்து வருவது சாப்பாடு என்று என் புத்தியில் ஒரு நாளும் ஏறியதில்லை. சாமி கொடுத்தது. வேண்டாம் என்று சொல்வதில்லை, அளவு பார்ப்பதில்லை, கையை நீட்டவேண்டும், அவ்வளவுதான். சாதம் வேறு, பிரசாதம் வேறு. அந்த வாரத்து உபயக்காரர் பொங்கல் போட்டால் நான் நன்றாக இருந்தேன். கேசரி போட்டால் சனிக்கிழமை விழுந்தேன். "கோதுமை" என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிச்சாப்பையும் பெருங்காயத்தையும் வீட்டை விட்டு விரட்டிய மனிதர், கோதுமையைத் தன் கையாலேயே வாராவாரம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அக்கா, "நான் ஏதாச்சும் தப்பாக் கேட்டுட்டேனா?" என்று பதறிப்போனார். எழுந்து அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

கணக்குப்படியே மறுநாள் விழுந்தேன். அவர் பக்கத்திலேயே இருந்தார், முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து உடம்பு தேறியதும் நான்தான் சொன்னேன், "மாட்டிப் பார்க்காம கோளாறு கண்டுபிடிச்சாச்சுன்னு எழுதக்கூடாதுன்னு நீங்கதான் சொல்வீங்க."

"வேணாம். நான் கொடுக்க மாட்டேன்."

"நீங்க கொடுக்க வேணாம். நானே கிளறிக்கிறேன்."

அவர் தடுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். எனக்கு உறுதியாகத் தெரியவேண்டும். சர்ஜன் முன்னால் போய் நிற்கும்போது அநேகமாக, ஒருவேளை என்றெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை. அன்று திங்கட்கிழமை. கோயில் கேசரி அளவுக்கே ஒரு உருண்டை தின்றேன். மறுநாள் வலி வந்தது, கனகச்சிதமாக. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். வலியில் சிரித்த ஒரே நாள் அதுதான். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த வெள்ளி கோயிலில் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னாராம். சாமி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல வந்த கூச்சத்தில் சுற்றி வளைத்து வயிறு, குடல், கோதுமை என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறார். குருக்கள், "அதுக்கென்னப்பா, பூ கொண்டு போ" என்று சொல்லி ஒரு முழம் மல்லிகையைக் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து எனக்கு வெள்ளிக்கிழமைப் பிரசாதம் பூதான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். நாற்பத்தாறு கிலோ. வீக்கம் வற்றி வழி விட்டிருந்தது. சர்ஜன் இரண்டு படங்களையும் விளக்கில் பக்கம் பக்கமாக மாட்டிப் பார்த்தார், கத்தி இப்போதைக்கு வேண்டாம் என்றார். மாத்திரையும் நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார் சீன ஸ்பெஷலிஸ்ட், அது உண்மைதான். அந்த நோய் என்னை அறவே விட்டுவிடவும் இல்லை. பல வருடம் கழித்து ஒரு தடவை கத்தி வைக்கவேண்டி வந்தது, ஆனால் ஒரு சாண் நீளத்தோடு போயிற்று. என் நோட்டைப் பார்த்து யாரும் சாப்பிடவும் முடியாது. கிள்ளானில் இதே நோயுள்ள ஒருவரைப் பின்னால் சந்தித்தேன், அவருக்கு ரொட்டிதான் ஒத்துப்போனது, மீன்தான் ஆகவில்லை. அவரவர் வயிறு அவரவருக்கு.

அன்று டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்தான் ஒரு மாதிரியாக இருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. உட்கார்ந்தோம். எனக்குப் பால் இல்லாத தேநீர் சொன்னார். பிறகு ரொட்டி போடுகிறவர் மாவை வீசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, "நான் ஒரு ரொட்டி சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

"என்னையா கேக்குறீங்க? தினமும் ஸ்டேஷன் கடையில அதைத்தானே சாப்பிடுறீங்க."

அவர் ரொட்டிக்காரருக்குக் கை காட்டினார். ரொட்டி வந்தது. ஒரு துண்டைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் வைத்தார். மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

"ஏழு மாசமாச்சு" என்றார்.

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. விடியற்காலையில் எனக்கு ஆக்கிய கஞ்சியைத்தான் தனக்கும் டப்பாவில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார். சுரைக்காய் மூன்று நாள் அவருக்கும், கேரட் மூன்று நாள் அவருக்கும். மீண்டும் எல்லாவற்றையும் கழற்றியபோது, வெயிலில் தண்டவாளத்தோரம் ஏறி இறங்கி வேலை பார்க்கிற மனிதர், வெறும் கஞ்சி. அவர் சட்டை தொளதொளவென்று ஆனதை நான் பார்த்திருக்கிறேன். என் கவலையில் இளைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களை யாரு சாப்பிட வேணாம்னா?" என்றேன். அதட்டத்தான் நினைத்தேன், வரவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணையே சாப்பிட்டாதானே தெரியும், மீன் கெட்டுப்போச்சா இல்ல உனக்கு மட்டும் ஆகலையான்னு" என்றார், அது ஏதோ எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விஷயம் போல. பிறகு குனிந்துகொண்டு, "கேசரி மட்டும்தான் தப்பிச்சிருச்சு. நானே கொண்டாந்து கொடுத்துட்டேன்" என்றார்.

அந்தக் கடையில் அத்தனை பேர் இருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் வெளியிடத்தில் நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ரொட்டி போடுகிறவரைப் பார்த்து, "அண்ணே, இன்னும் ரெண்டு ரொட்டி கோசோங்" என்றேன்.

"போதும்லா" என்றார் அவர்.

"பேசாம சாப்பிடுங்க" என்றேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை கையை விடவில்லை, அதனால் இடது கையில் தேநீரைக் குடித்தேன்.